நாகசாரி (வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் இந்தோனேசியப் பண்டம்) செய்தால் இலையில் ஒட்டிக்கொண்டு களி மாதிரி வருகிறது, அரிசி மாவில் கோளாறா?

மாவில் ஒரு கோளாறும் இல்லைங்க. சூட்டோடு பிரித்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

வீட்டுக்காரருக்கு மத்திய ஜாவாவில், சோலோ பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. மூன்று வருஷம் அங்கே இருந்தோம். பக்கத்து வீட்டு இபு, அதாவது அம்மா, கெண்டுரி விருந்துக்காக நாகசாரி செய்யும்போது ஒத்தாசைக்குப் போனேன். 200 கிராம் அரிசி மாவு, 50 கிராம் மரவள்ளி மாவு, 700 மில்லி தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு, ஒரு ரம்பை இலை. கிளறிக் கூழானதும் வாட்டிய வாழையிலையில் ஒரு கரண்டி, நடுவே வாழைப்பழத் துண்டு, மேலே இன்னும் கொஞ்சம் கூழ். மடித்து அரை மணி நேரம் ஆவியில்.

இறக்கியதுமே ஆசையில் ஒன்றைப் பிரித்தேன். பாதி இலையோடு போயிற்று, மீதி விரலில். நான் கிளறியதுதான் தப்பு, விருந்துச் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று அழுகையே வந்துவிட்டது. இபு, "சபார், ம்பாக்" என்றார், பொறுமை அக்கா என்று. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் சொல்லும் அதே சபர்தான். இரண்டு மணி நேரம் கழித்து அவரே ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, மேலே இலை நரம்பின் வரி பதிந்து, அலுங்காமல் வந்தது. கஞ்சி ஆறினால் இறுகுவதில்லையா, அதேதான்.

மரவள்ளி மாவு சேர்ப்பது அசல் இல்லை என்று யாராவது வருவீர்கள். சேர்க்காத வீடும் உண்டு, மறுக்கவில்லை. நான் கற்ற வீட்டில் சேர்த்தார்கள். அங்கே பிசாங் ராஜா என்ற வாழைப்பழம் வைப்பார்கள். இங்கே நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம் போதும். ஆனால் "இது நம்ம இலையடைதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதில் மாவை இலையில் தட்டி உள்ளே பூரணம் வைக்கிறோம். இது கூழாக ஊற்றி இறுகுகிற பண்டம்.

இலையைத் தணலில் வாட்டாமல் மடித்தால் கிழியும். எனக்கு இப்போது அந்த இலைக்கே வழியில்லை. குடியிருப்பின் பின்பக்கம் நான் வைத்த வாழையைக் கொசு வருகிறது என்று சங்கத்தில் வெட்டிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்கிக் கிடக்கும் சாக்கடை அப்படியேதான் இருக்கிறது. குலை தள்ளியிருந்த மரம்ங்க அது.