ஜெல், ட்ரிப், விளக்கெண்ணெய்: இரண்டாவது பிரசவத்தில் நடந்தது என்ன?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 28. திண்டுக்கல் பக்கம். தலைப்பிரசவத்தில் வலி தானாக வந்து, பதினாறு மணிநேரம் கழித்து மகள் சுகப்பிரசவமாகப் பிறந்தாள். இரண்டாவது மகன் பிறந்து நான்கு மாதம் ஆகிறது. 40 வாரம் 5 நாள் ஆகியும் வலி வரவில்லை. ஸ்கேனில் தண்ணீர் குறைவு என்று அட்மிட் செய்தார்கள். காலை ஆறு மணிக்கு ஜெல் வைத்தார்கள், மதியம் பன்னிரண்டுக்கு இன்னொன்று. சாயங்காலம் வரை லேசான வலிதான், யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆறரைக்குப் பனிக்குடத்தை உடைத்துவிட்டு ட்ரிப் போட்டார்கள். ஏழேகாலுக்கு மேல் வலிக்கும் வலிக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. நர்ஸ் ஓடிவந்து ட்ரிப்பை மூடி, என்னை இடப்பக்கம் திருப்பினார். ‘துடிப்பு குறையுது’ என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எட்டு பத்துக்குக் குழந்தை பிறந்தான், 3.1 கிலோ, உடனே அழுதான். ஆனால் அந்தக் குரல் இன்னும் ராத்திரியில் கேட்கிறது. தானாக வரவேண்டிய வலியை ஊசி போட்டு இழுத்ததால்தான் இப்போது இடுப்புவலி என்கிறார் என் அத்தை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு அத்தை கொடுத்த விளக்கெண்ணெயைக் குடித்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. அதனால்தான் இப்படி ஆனதா? அடுத்து ஒரு குழந்தை என்றால் மறுபடியும் இதேதானா? பால் குறைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் கடைசியில் தயங்கிச் சொன்ன விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான்கு மாதமாக உங்களை அரித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

விளக்கெண்ணெய் குடலைக் கிளறும். அதோடு கர்ப்பப்பையையும் ஓரளவு சுருங்க வைக்கும். ஆகவே நம் பாட்டிமார் அதைக் கொடுத்ததில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் வேகம் சில மணிநேரம்தான். நீங்கள் குடித்தது இரவு ஒன்பது மணிக்கு. வலி எல்லை மீறியது மறுநாள் இரவு ஏழேகாலுக்கு. நடுவில் இருபத்திரண்டு மணிநேரம். அன்று பகல் முழுக்க, இரண்டு ஜெல் வைத்தும், லேசான வலிதான் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விளக்கெண்ணெய்தான் காரணம் என்றால் காலையிலேயே தெரிந்திருக்கும். ட்ரிப் போட்ட முக்கால் மணிநேரத்தில் வந்தது ட்ரிப்பின் வேலை. அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவோம், உண்மைதான். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் வயிற்றுப்போக்கில் உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்போம், அடுத்த மருந்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். சொல்லாவிட்டால் இந்த இரண்டும் நடக்காது.

அடுத்து, ஜெல் வைத்தது அவசரமா? நாற்பது வாரம் என்பது நாம் போடும் கணக்கு, குழந்தைக்கு அது தெரியாது. சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். டேட் தாண்டிய மறுநாளே பதற வேண்டியதில்லை. ஆனால் 41 வாரம் நெருங்க நெருங்க நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் குறையலாம். அதனால் 41 வாரம் முடிந்தது நிச்சயமாகத் தெரிந்தால் வலி வரவைக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். உங்களுக்கு 40 வாரம் 5 நாள், கூடவே தண்ணீர் குறைவு. என்னிடம் வந்திருந்தாலும் அட்மிட் ஆகத்தான் சொல்லியிருப்பேன். இதே தண்ணீர்க் குறைவை 38 வாரத்தில், கொஞ்சம்தான் குறைவு என்ற அளவில் சொல்லியிருந்தால், இரண்டு நாள் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு செய்திருப்பேன். ‘தண்ணி வத்திப்போச்சு’ என்ற ஒரு வரியில் வீட்டையே நடுங்க வைக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அது நல்ல பழக்கம் இல்லை.

இப்போது அந்த நாளை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். பிரசவ அறையின் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து உங்களுக்கு வைத்த ஜெல்லின் பெயர் டைனோப்ரோஸ்டோன். ஒரு சின்ன சிரிஞ்சில் அரை மில்லிகிராம் மருந்து. வலி வரவைப்பதுதான் அதன் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை வேறு. மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். பக்குவப்படாத கர்ப்பப்பை வாய் அப்படித்தான் விறைப்பாக இருக்கும். அதை உதடு போல மெத்தென்று ஆக்குவதுதான் ஜெல். இது ஆகாமல் ட்ரிப்பைப் போட்டால் வலிதான் மிஞ்சும், வாய் திறக்காது. வாய் எவ்வளவு பக்குவமாகியிருக்கிறது என்று விரலால் சோதித்து மதிப்பெண் போடுவோம். எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964-ல் வகுத்த முறை அது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களை வைத்துத்தான் அவர் அதை வகுத்தார். எட்டு, அதற்கு மேல் என்றால் பக்குவம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு ஜெல்லுக்கும் அடுத்ததற்கும் ஆறு மணிநேரம் விட வேண்டும். கடைசி ஜெல்லுக்கும் ட்ரிப்புக்கும் நடுவிலும் குறைந்தது ஆறு மணிநேரம். ஜெல்லின் வேகம் அடங்காமல் ட்ரிப் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து கர்ப்பப்பையை முறுக்கிவிடும். நீங்கள் சொன்ன நேரங்களைப் பாருங்கள்: ஆறு, பன்னிரண்டு, ஆறரை. கணக்கு சரியாக இருக்கிறது. ‘யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்று நீங்கள் நினைத்த அந்த மதியப்பொழுது உங்கள் பாதுகாப்புக்காகவே விட்ட நேரம். அதை ஒருவர் கட்டிலருகே வந்து அரை நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

சரி, ஆறரைக்கு வருவோம். ட்ரிப்பில் கலப்பது ஆக்சிடோசின், ஊரில் வலி ஊசி என்பது. வலி வரும்போதும் பால் சுரக்கும்போதும் மூளையிலிருந்து தானாகச் சுரக்கும் அதே பொருள். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார், 1955-ல் நோபல் பரிசும் பெற்றார். பொருள் ஒன்றுதான் என்றாலும் வருகிற விதம் வேறு. உடம்பு அதை விட்டு விட்டுக் கொடுக்கும். வலியும் மணிக்கணக்கில் ஏறும், உடம்பும் மனசும் அதற்குப் பழகும். ட்ரிப் இடைவிடாமல் கொடுக்கும். ‘முதல் வலியைவிட இது மோசம்’ என்று நீங்கள் சொன்னால் அது பிரமை இல்லை. ட்ரிப் போட்ட பெண்களில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதில் இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு தனி குணம் உண்டு. ஒரு முறை திறந்த வாசல் அடுத்த முறை சீக்கிரம் திறக்கும். ஜெல் வைத்த பிறகு ஒன்றுமே நடக்காதது போல நேரம் போகும். நாலைந்து சென்டிமீட்டர் திறந்ததும் ஒரே ஓட்டம். பதினாறு மணிநேரத்தை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் படுத்திருந்தீர்கள், உடம்போ ஒன்றரை மணிநேரத்தில் முடிக்கத் தயாராக இருந்தது. அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் ட்ரிப்பைச் சொட்டுச் சொட்டாக, மிகக் குறைவாக ஆரம்பித்து, அரை மணிநேரத்துக்கு ஒரு முறை பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

ஏழேகாலுக்கு நடந்தது என்ன? வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்தில் எத்தனை வலி என்று எண்ணுவோம். மூன்று, நான்கு என்றால் நல்லது. ஐந்துக்கு மேல் போனால் அதிகம். கர்ப்பப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். தளரும்போதுதான் குழந்தைக்கு மறுபடியும் பிராணவாயு முழுதாகக் கிடைக்கும். வலிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி உங்களுக்கு ஓய்வு, குழந்தைக்கு மூச்சு. அது இல்லாமல் போனதால் துடிப்பு குறைந்தது. நர்ஸ் செய்த இரண்டும் மிகச் சரி: ட்ரிப்பை மூடினார், இடப்பக்கம் திருப்பினார். இடப்பக்கம் ஒருக்களிக்கும்போது பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும் பாரம் விலகும். ஆக்சிடோசினின் நல்ல குணம், நிறுத்தினால் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து குறைய ஆரம்பித்துவிடும். (ஜெல்லை அப்படி நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. அதனால்தான் அந்த ஆறு மணிநேரக் கண்டிப்பு.)

குழந்தை பிறந்ததும் அழுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து ‘அப்கார்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். பிறந்த குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பத்துக்குப் போடும் மதிப்பெண் அது: ஒன்று பிறந்த முதல் நிமிடத்துக்கு, இன்னொன்று ஐந்தாவது நிமிடத்துக்கு. ஐந்தாவது நிமிடத்தில் ஏழு, அதற்கு மேல் இருந்தால் அந்தச் சில நிமிடத் துடிப்புக் குறைவை அவன் நன்றாகவே தாண்டிவிட்டான்.

அப்புறம் அத்தை சொல்லும் இடுப்புவலி. ஜெல்லும் ட்ரிப்பும் அன்றோடு உடம்பைவிட்டுப் போய்விட்டன, நான்கு மாதம் கழித்து இடுப்பில் உட்கார்ந்திருக்க வழியில்லை. காரணம் வேறு. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள், நடுவில் விலகிய வயிற்றுத் தசை, குனிந்தபடியே பால் கொடுப்பது. உங்கள் விஷயத்தில் இடுப்பில் ஏறி உட்காரும் மூத்த மகளும் ஒரு காரணமாக இருக்கலாம். முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்து பால் கொடுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு முறை போய் வயிற்றுத் தசைக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு வலி இருந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ராத்திரியில் கேட்கும் அந்தக் குரலை நான் இடுப்புவலியைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பிரசவ அறையில் உயிர் பயம் வந்தவர்களுக்குப் பல மாதங்கள் கழித்தும் அது திரும்ப வரும். கனவில் வரும், ஆஸ்பத்திரி வாசனையில் வரும். ‘அதான் குழந்தை நல்லா இருக்கே’ என்று வீட்டில் சொல்லிப் பார்த்திருப்பார்கள், அது உதவாது. தூக்கம் கெடுகிறது, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இதில் எது இருந்தாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே நேரில் போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். பிரசவம் பார்த்த டாக்டரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, அன்று எழுதிய சார்ட்டை வைத்து என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். சண்டைக்குப் போவது போல இருக்குமோ என்று தயங்க வேண்டாம். என்னிடம் அப்படி வந்து கேட்டவர்கள் உண்டு. ஒருவர் போன பிறகுதான், சார்ட்டில் எழுதியதில் ஒன்றைக்கூட நான் அவரிடம் வாயால் சொல்லவில்லை என்பது எனக்கே உறைத்தது.

அடுத்த குழந்தைக்கும் இப்படியா? ஒரு முறை ஜெல் வைத்தால் எப்போதும் ஜெல் என்று ஒரு விதியும் கிடையாது. வலி தானாக வரலாம். மூன்றாவது பிரசவம் இதைவிட வேகமாக இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப யோசிக்கவே கூடாது. மறுபடியும் ட்ரிப் தேவைப்பட்டால் ‘போன தடவை முக்கால் மணிநேரத்தில் இடைவெளி இல்லாத வலி வந்தது’ என்று முதல் வேலையாகச் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு வருட இடைவெளிக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. இதே கேள்வியை முதல் குழந்தை சிசேரியனில் பிறந்த ஒருவர் கேட்டிருந்தால் பதில் வேறு. தையல் போட்ட கர்ப்பப்பையில் இந்த மருந்துகள் தையலைப் பிரித்துவிடும் ஆபத்து உண்டு. இதே போல வலி வரவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை அவர்களுக்குக் கூடவே கூடாது.

ஜெல்லும் ட்ரிப்பும் பாலைக் குறைக்குமா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதிலைவிட உங்கள் கடிதத்தோடு வந்த தடுப்பூசி அட்டை நல்ல பதில் சொல்கிறது. பிறந்தபோது 3.1 கிலோ, போன வாரம் 6.3 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன் என்று பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.