1,200 வெள்ளிக்கு சிந்தசைசர்: மேடைக்கு ஆகுமா, ஆகாதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செம்பனை ஆலையில் வேலை, சனி ஞாயிறு வந்தால் கோவில் திருவிழா, கல்யாண வீடு என்று குழுவோடு வாசிப்பு. கையில் இருப்பது ஒரு பழைய 61 கீ கீபோர்டு, சேர்த்து வைத்திருப்பது 1,200 வெள்ளி. ஆசை சிந்தசைசர் மேல், அதாவது சத்தத்தை நாமே உருவாக்கி மாற்றிக்கொள்ளும் மின்னிசைக் கருவி மேல். "இந்தக் காசுக்கு வரும் சின்ன சிந்தசைசர் எல்லாம் விளையாட்டுச் சாமானா அண்ணே? இல்லை, இன்னும் ரெண்டு வருசம் சேர்த்து பெரிசாவே வாங்கட்டுமா?"

ரெண்டு வருசம் காத்திருக்க வேண்டாம் தம்பி. ஆனால் வலைத்தளத்தில் படத்தைப் பார்த்துவிட்டு இன்று இரவே ஆர்டர் போடவும் வேண்டாம்.

மலிவான சிந்தசைசர் என்றால் சத்தமும் மலிவாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1983-இல் யமாஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் வந்தபோது அதன் விலை 1,995 அமெரிக்க டாலர். மணி அடித்த மாதிரி ஒலிக்கும் அந்த எலக்ட்ரிக் பியானோ சத்தத்தை அப்போது அவ்வளவு காசு கொடுத்தால்தான் தொட முடியும். 2016-இல் வந்த கோர்க் வோல்கா எஃப்எம் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான், ஆனால் டிஎக்ஸ்7-க்கு எழுதிய டோன்களையே அதற்குள் ஏற்றி வாசிக்கலாம். பெஹ்ரிங்கர் மாடல் டி-யும் இதே கதை, 1970-இல் வந்த மினிமூக் என்ற புகழ்பெற்ற சிந்தசைசரின் அனலாக் சர்க்யூட்டை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் விலை எப்படி இறங்கியது? சத்தத்தில் கைவைக்காமல் மற்றதில் எல்லாம் கைவைத்துவிட்டார்கள். அது எதெது என்று பார்த்து, உங்களுக்கு எது இல்லாவிட்டாலும் ஓடும் என்று கணக்குப் போடுவதுதான் வேலையே.

முதலில் எத்தனை ஸ்வரம் ஒரே நேரத்தில் பேசும் என்று பாருங்கள். டிஎக்ஸ்7-இல் 16, அந்த வோல்கா எஃப்எம்மில் 3, மாடல் டி-யில் ஒன்றே ஒன்று. மூன்றே குரல் (ஒரே நேரத்தில் மூன்றே ஸ்வரம்) உள்ள பெட்டியில் ஒரு கார்டை, அதாவது மூன்று ஸ்வரத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே நாலாவது ஸ்வரத்தைத் தொட்டால், ஏற்கெனவே ஒலிப்பதில் ஒன்று வெட்டுப்படும். கார்டு வாசிக்கத்தான் உங்களிடம் பழைய கீபோர்டு இருக்கிறதே, அதனால் இது உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. (அதைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். புதியது வந்ததும் பழையதைத் தள்ளிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு இரவல் கீபோர்டு தேடி அலைந்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.)

அப்புறம் மெமரி, அதாவது நாம் அமைத்த டோனைச் சேமித்து வைக்கும் வசதி. வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சொல்லப்போனால் மெமரி இல்லாத பெட்டிதான் நல்ல வாத்தியார், எந்தக் குமிழைத் திருகினால் என்ன ஆகிறது என்று காது தானாகப் பழகிவிடும். மேடை வேறு. ஒரு திருவிழா இரவில் இருபது பாட்டு வாசிக்கிறீர்கள், ஒரு பாட்டுக்கு ஃபுளூட், அடுத்ததற்குத் தடித்த பேஸ், அதற்கடுத்து நாதஸ்வரம் மாதிரி ஒன்று. மாடல் டி-யில் டோனைச் சேமிக்கவே முடியாது, வோல்கா கீஸ் மாதிரிப் பெட்டிகளும் குமிழ்கள் இருந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளாது. பாடகர் மைக்கைப் பிடித்து நிற்கும்போது நீங்கள் குனிந்து இருட்டில் குமிழ் திருகிக்கொண்டிருந்தால் உறுமிக்காரர்கள் இடைவெளியை நிரப்பத் தொடங்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள்.

மூன்றாவதாக பிட்ச் வீல், அதாவது ஒலிக்கும் ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம். நம் இசைக்கு நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்பது இது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எந்தக் கீயிலும் அழுத்தி எடுக்க முடியாது, அது ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை. பிட்ச் வீலை இரண்டு அரைச்சுர அளவுக்கு வைத்துக்கொண்டு, குரலை மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) போட்டு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வைக்கும் போர்ட்டமென்டோவைத் துளி ஏற்றி, ரம்பப்பல் வடிவ அலையை ஃபில்டரில் கொஞ்சம் மங்கச் செய்து வாசித்துப் பாருங்கள். நாதஸ்வரம் ஆகிவிடாது, ஆனால் கையின் அசைவு சத்தத்தில் கேட்கும். சாதாரண கீபோர்டில் பதிவு செய்து வைத்த நாதஸ்வர டோன் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் இந்த உயிர் அதில் வருவது கஷ்டம். சின்ன சிந்தசைசர் மேல் எனக்கு இருக்கிற ஆசையே இதனால்தான். வோல்காக்களில் இந்த வீல் கிடையாது.

எனவே என் பேச்சைக் கேட்பதானால், கோர்க் நிறுவனத்தின் பழைய மைக்ரோகோர்க் சிந்தசைசர் ஒன்றைத் தேடுங்கள். 2002-இல் வந்தது, பல வருடம் கடையில் இருந்தது, அதனால் செகண்ட் ஹேண்டில் அடிக்கடி கண்ணில் படும், பொறுமையாக இருந்தால் உங்கள் தொகையை ஒட்டிக் கிடைக்க வாய்ப்பு உண்டு. 4 குரல், 128 டோன் சேமிக்கலாம், பிட்ச் வீல் இருக்கிறது, ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும். தோட்டத்துக் கோவிலில் ஜெனரேட்டர் கரண்டில் ஸ்பீக்கர் "ம்ம்ம்" என்று முனகும்போது பேட்டரிக்கு மாற்றிப் பாருங்கள், பல சமயம் அந்த முனகல் அடங்கிவிடும். குறை என்னவென்றால் 37 கீயும் சின்னச் சின்னது. ஆலையில் உழைக்கிற விரலுக்கு முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

"பழைய கீபோர்டில் வாசித்து சிந்தசைசரைப் பேச வைக்கலாமே" என்று தோன்றும். முதலில் பின்பக்கம் பாருங்கள். ஐந்து ஓட்டை உள்ள வட்ட மிடி அவுட் (எந்தக் கீயை அழுத்தினீர்கள் என்று அடுத்த கருவிக்குச் சொல்லும் துளை) இருந்தால் சரி, ஒரு வயரில் வேலை முடிந்தது. சதுரமான யூஎஸ்பி மட்டும் இருந்தால் அது கம்ப்யூட்டரோடுதான் பேசும், நடுவில் யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்று தனியாக ஒரு பெட்டி வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே யூஎஸ்பியால் ஒரு லாபமும் உண்டு. வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் டெக்ஸ்ட் (Dexed), சர்ஜ் எக்ஸ்டி (Surge XT) என்ற இரண்டு சிந்தசைசர் மென்பொருளையும் இலவசமாக இறக்கி, கீபோர்டைச் செருகி ஒரு மாதம் வாசியுங்கள். டெக்ஸ்ட் என்பது டிஎக்ஸ்7-இன் நகல். ஒரு மாதத்தில் சலித்துவிட்டால் 1,200 வெள்ளி அப்படியே இருக்கும்.

சலிக்கவில்லை என்றால், ஈப்போவோ எங்கேயோ விற்பவரைப் பார்க்கப் போகும்போது சொந்த ஹெட்போனும் ஆறு பேட்டரியும் கொண்டுபோங்கள். பேட்டரி அறையைத் திறந்து பச்சைத் துரு இருக்கிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு கீயையும் மெதுவாகவும் ஓங்கியும் அழுத்துங்கள், எல்லாக் குமிழையும் கடைசி வரை திருகுங்கள். கரகரப்பு நம் ஊர் ஈரக்காற்றில் வருவதுதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் அதைச் சொல்லியே ஐம்பது வெள்ளி குறைக்கலாம். கடைசியாக பிட்ச் வீலை மேலே தள்ளி விடுங்கள். ஸ்வரம் பழைய இடத்துக்கே சுத்தமாகத் திரும்பவில்லை என்றால், எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.