"இன்னொருவாட்டி சொல்லு": குழந்தைக்கதை எழுதற ஒரு தம்பிக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கோவையில ஐடி வேலையில இருக்கேன். பையனுக்கு நாலு வயசு. அவனுக்குன்னு எழுத ஆரம்பிச்சு இப்ப பதினோரு கதை சேந்திருச்சு, புத்தகமா போடணும்னு ஆசை. நாலஞ்சு வயசு பிள்ளைகளுக்கு எத்தனை வார்த்தைக்குள்ள எழுதணும்? பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா? கடைசியில நீதி வைக்கணுமா? படத்த ஏஐல நானே போட்டு குடுத்துடலாமா? ஒரு பதிப்பகத்துல முப்பதாயிரம் கட்டினா முன்னூறு காப்பி அடிச்சு தர்றோம்னு சொல்றாங்க, கட்டலாமா? வேலைய விட்டுட்டு முழுநேரமா இதுல இறங்கலாமான்னுகூட ஓடுது. மாதிரிக்கு ஒரு கதை இணைச்சிருக்கேன். இன்னொன்னு, பையன் என் கதைய ஒருதடவை கேட்டா போதும்ங்கிறான். அவன் பாட்டி சொல்ற காக்கா கதைய மட்டும் தினம் ராத்திரி கேக்குறான். ஏன்னு புரியல. கொஞ்சம் வருத்தமாவும் இருக்கு.

ஒரு வாசகன், கோவை.

* * *

அன்புள்ள தம்பி,

போறபோக்குல கடைசியா ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் உக்காந்து எழுதறேன். மத்த கேள்வியெல்லாம் எல்லாரும் கேக்குறதுதான். பையன் ஒருதடவையோட போதும்ங்கிறான், பாட்டி கதைய தினம் கேக்குறான், இத வருத்தமா இருக்குன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டீங்க. உங்க வீட்டுக்குள்ளயே ஒருத்தன் தினம் ராத்திரி உங்களுக்கு பாடம் எடுத்துட்டு இருக்கான், நீங்க அத விட்டுட்டு எத்தனை வார்த்தைன்னு என்கிட்ட கேக்குறீங்க. கோவம் வருது எனக்கு.

சும்மா மேலோட்டமா மத்தத முடிச்சுடறேன். வேலைய விடாதீங்க. அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கி வேலையில இருந்துக்கிட்டேதான் அத்தனை பாட்டும் எழுதினார், 1950-ல குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் ஆரம்பிச்சார். நாலு வயசு பிள்ளைக்கு எழுத நாள் பூரா மேஜை முன்னால உக்காரணும்னு அவசியமே இல்ல. ஏஐ படம் வேண்டாம். படம் வரையறவங்க உங்க கதைய படிச்சுட்டு நீங்க சொல்லாத ஒண்ண கொண்டுவருவாங்க, மூலையில ஒரு பூனை தூங்கும், பிள்ளைங்க உங்க கதைய விட்டுட்டு அந்த பூனைய தேடும், அதுக்கு ஒரு மனுசன் வேணும். நீதி பத்தி எழுத ஆரம்பிச்சா ராத்திரி ஆயிடும். பஞ்சதந்திரத்துலயே பாருங்க, விஷ்ணுசர்மா அந்தக் கதையெல்லாம் சொன்னது அமரசக்தி ராஜாவோட மூணு பசங்களுக்கு, நாட்டை ஆளப் போற வளந்த பசங்களுக்கு, ஆறு மாசத்துல அரசியல் கத்துக்குடுக்குறேன்னு சவால் விட்டு சொன்னது. அத எடுத்துட்டு வந்து இன்னும் பால்பல் விழாத பிள்ளை தலையில ஏன் வைக்கிறோம்?

சரி, இப்ப உங்க பையன்கிட்ட வருவோம்.

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ எங்க தெருவுல பாதி வீட்டுல தீப்பெட்டி ஒட்டுவாங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைங்களும் உக்காரணும், அடிப்பெட்டி ஒரு பக்கம், மேல்பெட்டி ஒரு பக்கம், நடுவுல மைதா பசை. பசைய பூச்சி அரிக்கக்கூடாதுன்னு மயில்துத்தம் போட்டிருப்பாங்க, விரல் இடுக்கெல்லாம் எரியும். கூலி குரோஸ் கணக்கு, 144 பெட்டி ஒரு குரோஸ். எட்டு மணிக்கு மேல எங்களுக்கு கண்ணு சொக்கும். அப்பதான் ஆச்சி கதை ஆரம்பிக்கும். எங்கள தூங்க வைக்க இல்ல தம்பி, தூங்காம இருக்க வைக்க. இத நான் இனிமையான நினைவா சொல்ல வரல, பிள்ளைங்க அந்த வேலை செஞ்சிருக்கவே கூடாது. ஆனா கதைன்னா என்னன்னு எனக்கு தெரிஞ்சது அங்கதான்.

ஆச்சி சொன்னதுல பாதி நாள் ஒரே கதைதான். பேர் மறந்த ஈ கதை. ஈ வீடு மொழுகிட்டு இருந்துச்சாம், மொழுகுற மும்முரத்துல தன் பேரையே மறந்துருச்சாம். கன்னுக்குட்டிகிட்ட போய், "கொழுகொழு கன்னே, என் பேரென்ன?" அது சொல்லும், எனக்குத் தெரியாது, என் அம்மாகிட்ட கேளு. அங்க போய், "கொழுகொழு கன்னே, கன்னோட தாயே, என் பேரென்ன?" அது மேய்க்கிறவன்கிட்ட அனுப்பும். இப்படியே நீண்டுகிட்டே போயி கடைசியில ஒரே மூச்சுல வரும்: கொழுகொழு கன்னே, கன்னோட தாயே, தாய மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே, கோல் வளந்த கொடிமரமே, கொடிமரத்துக் கொக்கே, கொக்கு நீராடும் குளமே, குளத்துல மீனே, மீன் பிடிக்கும் வலையா, வலையன் கைச் சட்டியே, சட்டி பண்ணும் குயவா, குயவன் கை மண்ணே, மண்ணுல முளைச்ச புல்லே, புல்லத் தின்னும் குதிரையே, என் பேரென்ன? குதிரை "ஹிஹிஹீ...ஈஈ"ன்னு கனைக்கும். ஆங், என் பேரு ஈ! அவ்வளவுதான் கதை. வீட்டுக்கு வீடு ஒரு கண்ணி கூடும், ஒரு கண்ணி குறையும்.

இந்த கதைய ஒரு எழுத்தாளரா உக்காந்து பிரிச்சுப் பாருங்க, தம்பி. வர்ணனை எத்தனை இருக்கு? கன்னுக்கு மட்டும் கொழுகொழு. அதுக்கப்புறம் ஒண்ணு கிடையாது, வெறும் பேரும் வேலையும்தான். மேய்க்கும், நீராடும், பிடிக்கும், பண்ணும், தின்னும். பிள்ளைக்கு வரிசைய மனப்பாடம் பண்ண வேண்டிய வேலையே இல்ல, ஏன்னா ஒண்ணு கையில இன்னொண்ணு இருக்கு, கொக்குன்னு சொன்னா குளம் தானா வந்துரும். ஒவ்வொரு சுத்துலயும் புதுசு ஒண்ணே ஒண்ணுதான், மிச்சமெல்லாம் ஏற்கனவே அவன் வாயில இருக்குறது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமா நீளும், கடைசி சுத்துல மூச்சு முட்டும், முட்டுற இடத்துல குதிரை கனைக்கும், எல்லாரும் கனைப்போம். அந்த முடிவு காகிதத்துல இல்லவே இல்ல, வாய்லதான் இருக்கு. கனைக்காம கண்ணால படிச்சா கதை முடியவே முடியாது.

ஆச்சி இன்னொண்ணு செய்யும். நாங்க சொக்குறோம்னு தெரிஞ்சா வேணும்னே தப்பா சொல்லும், "கொக்கு நீராடும் சட்டியே"ன்னு. அவ்வளவுதான், பசை கையோட எழுந்து நிப்போம், "ஆச்சி! குளம்! குளம்!" என் தம்பிக்கு அப்ப அஞ்சு வயசு இருக்கும், அவன் அழுதே போயிருவான், கொக்கு எப்படி சட்டியில குளிக்கும்னு. ஆச்சி "அப்படியா, எனக்கு மறந்துபோச்சேடா, நீ சொல்லு"ன்னு சொல்லும். உடனே கதை அவன் கைக்கு வந்துரும்.

இதத்தான் உங்ககிட்ட சொல்ல வர்றேன். நாலு வயசு பிள்ளைக்கு நாள் பூரா அடுத்தது என்னன்னு தெரியாது தம்பி. திடீர்னு குளிக்கக் கூப்புடுவாங்க, விளையாடிட்டு இருக்கும்போதே தூக்கிட்டுப் போவாங்க, எங்க போறோம்னு சொல்ல மாட்டாங்க, அப்பா எப்ப வருவார்னு தெரியாது, ஊசி போடுவாங்களா இல்ல மிட்டாய் வாங்கித் தருவாங்களான்னு தெரியாது. கேட்ட கதைய திரும்பக் கேக்கும்போதுதான் அடுத்து என்ன வரும்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சது அப்படியே வரும்போது அவனுக்கு அவ்வளவு நிம்மதி, அவ்வளவு பெருமை. இன்னொருவாட்டி சொல்லுன்னா கதை மறந்துபோச்சுன்னு அர்த்தம் இல்ல. நீங்க ஆபீஸ் அலுப்புல ரெண்டு பக்கத்த சேத்து புரட்டிப் பாருங்க, எழுத்தே தெரியாத பிள்ளை கைய புடிச்சு திருப்பி வைக்கும்.

இப்ப உங்க அணில் கதைக்கு வர்றேன். முதல் வரி: "அழகிய, பசுமையான, அடர்ந்த வனத்தில் சுறுசுறுப்பான அணில்குட்டி ஒன்று தன் அன்புத் தாயுடன் மகிழ்ச்சியாக வாழ்ந்துகொண்டிருந்தது." இத எழுதிட்டு ஒருதடவையாவது சத்தமா படிச்சீங்களா? படிச்சிருந்தா நீங்களே அடிச்சிருப்பீங்க. அணில் எதுக்கு தம்பி வனத்துக்குப் போச்சு? உங்க அப்பார்ட்மென்ட் ஏசி பெட்டிக்குப் பின்னாலயே தேங்காநாரும் பஞ்சும் இழுத்துட்டு வந்து கூடு கட்டியிருக்கும், போய் பாருங்க. அது கத்தும்போது கவனிச்சிருக்கீங்களா? ஒரு கீச்சுக்கு ஒரு தடவை வால் வெடுக்குன்னு தூக்கும். கீச், வெடுக். கீச், வெடுக். அத நீங்க ஒருதடவை செஞ்சு காட்டினா பையன் அடுத்த நிமிசம் செய்வான், நாளைக்கு காலையில பல் விளக்கும்போதும் செய்வான். உங்க கதையில அணில் பிளாஸ்டிக் பைய பாக்குது, தாய் அணில் ஒரு பத்தி முழுக்க மாசுபாடு பத்தி பேசுது, எல்லா மிருகமும் சபதம் எடுக்குது, முடிஞ்சது. அதுல உங்க பையன் சொல்றதுக்கு ஒரு வார்த்தைகூட இல்ல. அவன் வாய மூடிட்டு கேக்கணும், கேட்டான், போதும்ன்னான். அவன் மேல தப்பே இல்ல.

இத உங்கள மட்டும் சொல்லல. ஒரு போட்டிக்கு வந்த கதைங்க ஒரு கட்டு இப்ப என் மேஜையில கிடக்கு, கொஞ்ச நாளா அதத்தான் படிக்கிறேன். நல்ல மனசோட எழுதியிருக்காங்க, மரம் நடச் சொல்றாங்க, செல்போன் பாக்காதேங்கிறாங்க, ஆனா திரும்பத் திரும்ப வர்ற ஒரு வரி, பிள்ளை சேந்து சொல்ற மாதிரி ஒரு வரி, தேடித் தேடிப் பாக்குறேன், எதுலயும் சிக்கல. தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் கதைப் பாட்டும் இவ்வளவு கொட்டிக் கிடக்குற மொழியில இது எப்படி நடந்துச்சுன்னு நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழான்னு கேட்டீங்கல்ல. ஒரு அம்மா பிள்ளைக்கு புத்தகம் படிச்சுக் காட்டுறத பக்கத்துல நின்னு கேளுங்க. புத்தகத்துல "ஓடிக்கொண்டிருந்தது"ன்னு இருக்கும், அவங்க வாய்ல "ஓடிட்டே இருந்துச்சு"ன்னு வரும். கண்ணு ஒண்ண படிக்குது, வாய் ஒண்ண சொல்லுது, யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல. அதனால நடுவுல வர்ற விவரத்த நீங்க எப்படி எழுதினாலும் அவங்க மாத்திக்குவாங்க. திரும்பத் திரும்ப வர்ற அந்த ஒத்த வரிய மட்டும் யாரும் மாத்த முடியாதபடி செஞ்சு வைங்க, அங்க நேரம் செலவு பண்ணுங்க, ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை தானே எழுத்துக்கூட்டி படிக்கிற புத்தகம்னா அது வேற வேலை, அங்க "ஓடிக்கொண்டிருந்தது" பிள்ளைய நடுவழியில நிறுத்திரும், "ஓடியது" போதும்.

வார்த்தை கணக்கு கேட்டீங்க. குழந்தைப் புத்தகம் போடற பிரதம் புக்ஸ் 2015-ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் இணையதளத்துல தமிழ்ல நிறைய படக்கதை இலவசமா இருக்கு, நாலு நிலையா பிரிச்சிருப்பாங்க, முதல் நிலைய எடுத்து ஒரு பக்கத்துல எத்தனை வரி இருக்குன்னு நீங்களே பாருங்க. அச்சுல 16 பக்கம் ஒரு ஃபாரம், அதனாலதான் படக்கதை புத்தகமெல்லாம் பெரும்பாலும் 16, 24, 32-ன்னு வரும். உங்க அணில் வேர்ட்ல நாலு பக்கம் இருக்கு, அதுல பதினாறு வாக்கியம் மிஞ்சினா அதிகம்.

ஒண்ணு செய்யுங்க. பதினோரு கதையையும் மூடி வைங்க. இந்த வாரம் எழுத வேண்டாம், மாமியாரோ அம்மாவோ, அந்த பாட்டி பக்கத்துல போய் உக்காந்து காக்கா கதைய கேளுங்க. நோட்டு எடுக்காதீங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணாதீங்க, பண்ணினா அவங்க நல்ல தமிழ்ல பேச ஆரம்பிச்சுருவாங்க. எங்க நிறுத்துறாங்க, எந்த இடத்துல பையன் முந்திக்கிறான், எங்க அவங்க குரல் மாறுதுன்னு மட்டும் பாருங்க. அப்புறம் அணில் கதைய காகிதம் இல்லாம, லைட்ட அணைச்சுட்டு சொல்லுங்க. ரெண்டாவது நாள் அவன் எந்த இடத்துல உங்கள திருத்துறானோ, அந்த இடம்தான் கதை, மிச்சத்த தயங்காம வெட்டுங்க. எங்கயுமே திருத்தலன்னா அந்த அணில விட்டுட்டு வேற கதைக்குப் போங்க. உங்ககிட்ட ஆசை இருக்கு, பிள்ளைக்குப் பக்கத்துல உக்கார்ற பொறுமை இருக்கு, அவன் போதும்னு சொன்னத மறைக்காம எழுதற நேர்மை இருக்கு. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை.

அந்த முப்பதாயிரத்த யாருக்கும் கட்டாதீங்க. நல்ல பதிப்பகம் எழுதறவங்ககிட்ட காசு கேக்காது, அவங்கதான் உங்களுக்கு குடுக்கணும். சென்னையில தூலிகா இருக்கு, பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ட்ரன் இருக்கு, முதல்ல அவங்க புத்தகத்த நாலஞ்சு வாங்கிப் படிங்க, நேஷனல் புக் டிரஸ்ட்டோட 'நேரு பால் புஸ்தகாலயா'ங்கிற குழந்தைப் புத்தக வரிசை பழைய நூலகங்கள்ல கிடைக்கும், அதையும் பாருங்க. அப்புறம் படம் எதுவும் இல்லாம வெறும் கைப்பிரதிய அனுப்புங்க. மூணு மாசம் பதில் வரலன்னா ஞாபகப்படுத்தி ஒரு மெயில் போடுங்க, தப்பில்ல. எனக்கு திரும்ப எழுதும்போது கதைய அனுப்ப வேண்டாம், பையன் எங்க திருத்தினான்னு மட்டும் எழுதுங்க.

அன்புடன்,
அக்கா