வெளியூரிலிருந்து வருபவர்கள் மீதான பயத்தை அரசியல்வாதிகள் எப்படிக் கிளப்பிவிடுகிறார்கள்?

வந்தவனைக் காட்டுவார்கள், கூட்டி வந்தவனைக் காட்ட மாட்டார்கள். நான் படித்த, பார்த்த எல்லா இடங்களிலும் வேலை செய்வது இந்த ஒரு தந்திரம்தான்.

எனக்கு ஊர் நீலகிரியில் கோத்தகிரி. தாத்தா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் ‘தாயகம் திரும்பியோர்’, ஊர்க்காரர்கள் வாயில் ‘சிலோன்காரங்க’. அதனால் இலங்கைக் கதையைத்தான் முதலில் சொல்ல வருகிறது.

இலங்கையின் மலைப்பகுதியான மலையகத்துக்குத் தமிழர்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள் வேண்டுமென்று வெள்ளைத் துரைமார்கள் கங்காணிகள் என்ற மேஸ்திரிகளை வைத்துத் திரட்டிக் கொண்டுபோனார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்த உழைப்பில்தான் தோட்டங்கள் நடந்தன. 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகள் சிலவற்றில் இந்தத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஜெயித்தது, வேறு சில இடங்களில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. பிரதமர் சேனநாயக்க அரசுக்கு உறுத்தியது இது. ஆனால் ‘இவர்கள் எங்களுக்கு ஓட்டுப் போடவில்லை’ என்று மேடையில் சொல்ல முடியுமா? கண்டிச் சிங்களவர்கள் சொந்த மண்ணிலேயே அமுங்கிப்போவார்கள் என்று பேச்சை எடுத்தார்கள். கண்டி விவசாயிகள் நிலத்தை இழந்தது உண்மைதான். அதை 1840-லேயே ஒரு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் அரசாங்கம். பழி மட்டும் லயம் என்ற வரிசை வீட்டு அறையில் கிடந்த கூலிக்காரன் தலையில் விழுந்தது.

1948 குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவனிடமும் அப்பா இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்தில் யார் அதையெல்லாம் எழுதி வைத்தார்கள்? அடுத்த வருடம் ஓட்டும் போனது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நீலகிரியில் டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்ததே இப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

இதே தந்திரத்தை அமெரிக்காவில் பாருங்கள். ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு ஊர், சுமார் 60,000 பேர். ஆள் கிடைக்காத தொழிற்சாலைகள் ஹைதிக்காரர்களை வேலைக்கு எடுத்தன. சில வருடங்களில் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்ததால் வாடகை ஏறியது, மருத்துவமனையில் கூட்டம் நெருக்கியது. அதில் பொய் எதுவும் இல்லை. 2023-ல் ஒரு ஹைதிக்காரர் ஓட்டிய வேன் பள்ளிப் பேருந்தில் மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். அதுவும் நடந்ததுதான். இந்தக் கஷ்டத்தின் மேல் 2024 செப்டம்பர் 10 அதிபர் தேர்தல் விவாதத்தில் டிரம்ப் ஏற்றியது வேறொன்று: இவர்கள் ஊர்க்காரர்கள் வளர்க்கும் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்றார். அப்படி நம்பத் தகுந்த புகார் எதுவும் இல்லை என்றது நகர நிர்வாகம். அடுத்த சில நாட்களில் வெடிகுண்டு மிரட்டல் வந்து பள்ளிக்கூடங்களைக் காலி செய்தார்கள். மக்கள் படும் பாட்டை ஊடகங்கள் கவனிப்பதற்காகக் கதை உருவாக்க வேண்டியிருந்தாலும் செய்வேன் என்று அவருடைய துணை அதிபர் வேட்பாளர் வான்ஸ் தொலைக்காட்சியிலேயே சொன்னார். பிறகு அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார், அது இருக்கட்டும். இறந்த சிறுவனின் அப்பா நகரசபைக் கூட்டத்தில் எழுந்து, என் பிள்ளை பெயரை அரசியலுக்கு எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தொழிற்சாலைக்காரர்களை மேடையில் யாரும் திட்டினார்களா? நான் கேட்ட பேச்சுகளில் இல்லை.

சரி, நம் மலைக்கு வருவோம். இங்கே பிள்ளைகள் கொழுந்து பறிக்க நிற்பதில்லை. திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிடுகிறார்கள். தோட்டக்காரர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று ஆள் இறக்குகிறார்கள். “வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துட்டான்” என்று டீக்கடையில் சத்தமாகப் பேசுபவர் என் சித்தப்பா, அதே சிலோன்கார வீட்டுப் பிள்ளை. அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, கூலி போதாதுதான். அந்தக் கோபத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டால் ஓட்டு வாங்குவது சுலபம். தோட்டக்காரர் முகத்தைக் கொடுத்தால் தேர்தல் செலவுக்கு யாரிடம் போவது?

இந்தப் பயம் பரவிய பிறகு யார் கையிலும் நிற்காது. 2018 மே மாதம் வாட்ஸ்அப்பில் ‘வடநாட்டுப் பிள்ளை பிடிப்பவர்கள்’ வதந்தி ஓடியது. அதைக் கிளப்பியது எந்தக் கட்சி என்றும் சொல்ல முடியாது. போளூர் பக்கம் கோயிலுக்கு வந்து, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு பாட்டியை அடித்தே கொன்றார்கள். அவர் சென்னைக்காரர், தமிழ் பேசுபவர்.

வெளிமாநிலத்திலிருந்து ஆள் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்க வேண்டும், அதே வேலை செய்யும் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கூலி குறையக் கூடாது என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள் (2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது). இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, “அப்போ உரிமம் இருக்கான்னு யாருடா போய்ப் பார்க்கிறது?” என்றார். தொழிலாளர் துறை என்றேன். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைத்தான் கேட்கப்போகிறாராம்.