முகத்தைக் காட்டலாமா, வேண்டாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஹெச்ஐவி தொற்றுக்குச் சில வருடங்களாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. டிசம்பர் 1 எய்ட்ஸ் தினக் கூட்டத்தில் சொந்தப் பெயரில், மேடையேறிப் பேசக் கூப்பிடுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் “தங்கச்சி கல்யாணம் நின்னுடும்டா” என்று அம்மா அழுகிறார். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தம்பி, மேடையேறுவது உங்கள் விருப்பம், கடமை இல்லை. கூப்பிடுகிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், கூட்டம் முடிந்ததும் அவர்கள் வேன் ஏறிப் போய்விடுவார்கள், மறுநாள் காலையில் அதே தெரு டீக்கடைக்குப் போகவேண்டியவர் நீங்கள்தான்.

அம்மாவின் பயம் சும்மா வந்ததில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக ஹெச்ஐவியைக் கண்டுபிடித்தது பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில். அன்று ஒட்டிய ஒழுக்க முத்திரை இன்னும் உரியவில்லை. அப்புறம் மண்டை ஓடு போட்ட போஸ்டர்கள், “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” (ஊரையே பேச வைத்த எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம்தான், ஆனால் அந்தப் பெயர் கிண்டலுக்கும் பயன்பட்டுவிட்டது). டிவியில் என்றால் முகத்தை மங்கலாக்கி, குரலை மாற்றி, ஏதோ கொள்ளைக்காரனைக் காட்டுவது மாதிரி காட்டுவார்கள். 2004-லிருந்து அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தருகிறது, இப்போது பலருக்குத் தினம் ஒரே மாத்திரை, வைரஸ் உங்களைப் போல அடங்கியிருந்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனாலும் ஜனங்கள் மனதில் இருப்பது எலும்பும் தோலுமாகக் கிடக்கும் ஒரு உருவம், ஏனென்றால் நன்றாக இருப்பவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை.

சொன்னவர்களும் உண்டு. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, கணவர் மூலம் தொற்று வந்தவர், பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். 1998-ல் மற்ற பெண்களோடு சேர்ந்து ஹெச்ஐவி உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கினார். கூடவே நிற்க ஒரு கூட்டம் இருந்தது என்பதையும் கவனியுங்கள். உங்களோடு நிற்க யார் இருக்கிறார்கள்?

சட்டம் இருக்கிறது. 2017-ல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள ஹெச்ஐவி சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உங்கள் நிலையை வெளியே சொல்லக்கூடாது, தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்து தூக்குவது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது எல்லாம் சட்டம் தடைசெய்த பாகுபாடுதான். ஆனால் பெண் பார்த்துவிட்டுப் போய் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டாரை எந்தச் சட்டமும் கேட்காது.

சரி, தங்கையிடம் பேசினீர்களா? கடிதத்தில் அம்மா அழுகிறார், நீங்கள் தவிக்கிறீர்கள், அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே! முதலில் அவளிடம் கேளுங்கள். அவள் தயங்கினால் இந்த வருடம் வெளியூரில் நர்சிங் மாணவர்களுக்கு, போட்டோ வீடியோ கிடையாது என்று முன்பே எழுதி வாங்கிக்கொண்டு பேசிப் பாருங்கள். யூடியூபில் ஒருமுறை ஏறிய முகத்தைத் திரும்ப இறக்குவது லேசில்லை.

கேள்வி: எதிர்வீட்டு அக்காவை ஹெச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்து வரிசையில் பார்த்தேன். அவரிடமே கேட்டுவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் பற்றித்தான் சந்தேகம் என்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. இதுவரை வேறு யாரிடமும் சொல்லவில்லையே?