எத்தனை பஸ் ரேம் வாங்குவது?

கேள்வி: என் மேசைக்கணினியில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று இருக்கிறது. இன்னொன்று வாங்கக் கடைக்குப் போனால், “2400 பஸ்ஸா, 3200 பஸ்ஸா?” என்று கேட்கிறார்கள். ரேமுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் கேட்டது வேகத்தை. ஆனால் பெயர் வந்த கதை சுவாரசியமானது. லத்தீனில் ‘ஆம்னிபஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’. 1820களில் பிரான்ஸின் நாந்த் நகரில், யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. வால் மட்டும் மிஞ்சி ‘பஸ்’ ஆயிற்று. அந்த வால் வெறும் வேற்றுமை உருபுதான், நம் ‘கு’ மாதிரி! நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் முழுப்பெயர் இன்னும் பிழைத்திருக்கிறது.

மின்சாரக்காரர்களும் இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பேனல் போர்டில் எல்லா இணைப்புக்கும் பொதுவாக ஓடும் செம்புப் பட்டைக்குப் பஸ்பார் என்று பெயர். கணினியிலும் அதே பொருள்தான்: பல பாகங்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொதுவான கம்பித் தடம். யுஎஸ்பியின் கடைசி எழுத்தும் இந்தப் பஸ்தான்.

சரி, 3200 என்பது? அந்தத் தடத்தில் ஒரு நொடிக்கு 320 கோடி முறை தகவல் கைமாறுகிறது. ஒரு முறைக்கு 8 பைட் என்பதால் நொடிக்கு 25.6 ஜிபி வரை போகலாம். டிடிஆர் ரேம் ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் இரண்டு முறை தகவல் அனுப்பும். உண்மையான துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ்தான். கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்துவிட்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. போகாதீர்கள்.

2400-ஐயும் 3200-ஐயும் சேர்த்துப் போட்டால், வழக்கமாக இரண்டும் 2400-இல்தான் ஓடும். பிராசசரும் மதர்போர்டும் தாங்கும் வேகத்தையும் தாண்டாது. ஆகவே பழையது 2400 என்றால் இன்னொரு 2400 போதும். விலை வித்தியாசம் சொற்பம் என்றால் 3200 வாங்கலாம், பின்னால் வேறு டிடிஆர்4 போர்டு மாற்றும்போது உதவும். டிடிஆர்3, டிடிஆர்5 மட்டும் வாங்கிவிடாதீர்கள். ரேமின் அடி விளிம்பில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஸ்லாட்டில் உட்காராது.

உங்களுடையது எத்தனை பஸ் என்று தெரியாவிட்டால், பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அதன் ஸ்டிக்கரைக் காட்டுங்கள்.