வீட்டுப் பட்டறையில் மினி ஜெட் என்ஜின்: கேஜே-66 கட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேஜே-66 மாடல் விமானத்துக்கான ஒரு சின்ன டர்போஜெட். முன்னால் காற்றை அமுக்கும் கம்ப்ரசர் வீலும், பின்னால் சூடான வாயு சுழற்றும் டர்பைன் வீலும் ஒரே ஷாஃப்டில் (சுழல் தண்டில்) இருக்கும்; இரண்டும் 66 மி.மீ. விட்டம். முழு வேகம் சுமார் 1,17,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), உந்துவிசை 75 நியூட்டன், அதாவது ஏழரை கிலோ. என்ஜின் எடை ஒரு கிலோவுக்குள். வரைபடம் எல்லோருக்கும் கிடைக்கிறது. வாங்க வேண்டிய பாகங்களும் குறைவு. அதனால் கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்தே.

அண்ணா, என்னிடம் சின்ன லேத் இருக்கிறது. டிக் வெல்டிங்கும் வரும். போதுமா?

போதும். ஆனால் லேத்தின் அளவை விட அதன் துல்லியம்தான் முக்கியம். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இரண்டு இடங்களும் வீல்கள் உட்காரும் இடங்களும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் 0.01 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. ஷாஃப்டுக்கு இ.என்.24 எஃகு எடுங்கள். ஓரளவு முடித்துவிட்டு, கடைசிக் கடைசலை இரண்டு சென்டர்களுக்கு நடுவே மாட்டிச் செய்யுங்கள். சக்கில் திருப்பித் திருப்பிப் பிடித்தால் மையம் போய்விடும். நடுப்பகுதி ஏன் இவ்வளவு தடிமன் என்று சிலர் அதைக் குறைக்கப் பார்க்கிறார்கள். தொடாதீர்கள். மெலிந்த ஷாஃப்ட் ஓடும் வேகத்துக்குள்ளேயே வளைந்து அதிர ஆரம்பிக்கும்.

டர்பைன் வீலை நானே தகட்டில் வெட்டிக்கொள்ளலாமா? ஷ்ரெக்லிங் அப்படித்தானே செய்தார்?

செய்தார். ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் உருவாக்கிய எஃப்டி-3/64 என்ஜினில் கம்ப்ரசர் வீல் கார்பன் இழை சுற்றிய பிளைவுட். டர்பைன் வீல் தகட்டில் வெட்டி, இறக்கைகளை முறுக்கி எடுத்தது. அந்த என்ஜின் 75,000 ஆர்.பி.எம்.-க்குள் ஓடியது, உந்துவிசையும் கேஜே-66-ல் பாதிகூட இல்லை. அந்த முறையை இந்த வேகத்துக்குக் கொண்டுவரக் கூடாது. முழு வேகத்தில் வீலின் விளிம்பு விநாடிக்கு 400 மீட்டர் போகிறது. விளிம்பில் இருக்கும் ஒரு கிராம் உலோகம் அரை டன் விசையோடு வெளியே இழுக்கும், அதுவும் செந்தணல் சூட்டில். சூடு தாங்கும் நிக்கல் கலவையான இன்கோனல் 713-ல் வார்த்த வீலை வாங்குங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க இடமே இல்லை.

லாரி டர்போவை (டர்போசார்ஜரை) அப்படியே எடுத்து ஒரு எரிகூடு, அதாவது எரிபொருள் எரியும் அறை, மாட்டினால் ஆகாதா?

தரையில் ஓட்டிப் பார்க்க ஆகும், கற்றுக்கொள்ளவும் நல்லது. வார்ப்பிரும்பு உறையோடும் தனி ஆயில் பம்போடும் அது மாடலில் பறக்காது. டர்போவிலிருந்து நமக்கு வேண்டியது கம்ப்ரசர் வீல் மட்டும்.

பேலன்ஸ் எந்த அளவு வரை பார்க்க வேண்டும்? இரண்டு கத்தி முனை மேல் உருட்டிப் பார்த்தேன், நிற்கிறது.

உருட்டிப் பார்ப்பது முதல் படி மட்டும்தான். நிறைய என்ஜின்கள் சாவது இங்கேதான்; நெருப்பை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி பத்தில் ஒரு கிராம் கூடுதலாக இருந்தால் அது 1 கிராம்-மில்லிமீட்டர். முழு வேகத்தில் அது பேரிங்கை 15 கிலோ விசையில், விநாடிக்கு ஏறத்தாழ 2,000 முறை அடிக்கும். 0.1 கிராம்-மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் அடி ஒன்றரை கிலோவுக்குள் வரும். அதுதான் இலக்கு.

வீல்கள், பேரிங், நட் எல்லாம் மாட்டிய ஷாஃப்டை அதன் குழாயோடு சேர்த்து மெல்லிய ரப்பர் வளையங்களில் தொங்கவிடுங்கள். இரண்டு முனையிலும் அதிர்வை உணரும் பீசோ சென்சார் ஒட்டி ஆசிலோஸ்கோப்பில் கொடுங்கள். நட்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு ஆப்டிகல் சென்சாரால் படியுங்கள். காற்றடித்து சில ஆயிரம் ஆர்.பி.எம். சுழற்றினால் எந்த முனையில், எந்தக் கோணத்தில் கனம் என்று அலை காட்டிவிடும். கனமான பக்கத்தை அறிய, தெரிந்த எடையுள்ள சின்ன மெழுகுத் துண்டை ஒட்டி அலை கூடுகிறதா குறைகிறதா பாருங்கள். பிறகு தேய்த்துக் குறையுங்கள்: டர்பைனில் மையத் தட்டின் பின்புறம், கம்ப்ரசர் பக்கத்தில் நட்டிலும் வீலின் மூக்கிலும். இறக்கையின் அடிவாரத்தில் கல் படவே கூடாது; விரிசல் அங்கிருந்துதான் ஓடும். முடித்ததும் வீல், ஸ்பேசர், நட் எல்லாவற்றிலும் ஒரே நேர்கோட்டில் புள்ளி குத்துங்கள். கழற்றி மாட்டும்போது ஒரு பாகம் கால் சுற்று மாறினாலும் செய்த வேலை முழுக்க வீண்.

சாதாரண 608 பேரிங் போட்டேன். இரண்டே ஓட்டத்தில் சத்தம் வருகிறது.

அளவு அதே 8×22×7 தான், ஆனால் வகை வேறு. சிலிக்கன் நைட்ரைடு குண்டுகள் உள்ள ஆங்குலர் கான்டாக்ட் ஹைபிரிட் பேரிங் வேண்டும். உள்ளே கிரீஸ் இருந்தால் கழுவி எடுங்கள். எண்ணெய் கலந்த எரிபொருளில் ஒரு சிறு பங்கு மெல்லிய குழாய் வழியே வந்து நனைத்தால் போதும். அந்தக் குழாய் அடைத்தால் பேரிங் நிமிடக் கணக்கில் போய்விடும். ஒவ்வொரு முறை பூட்டும் முன்பும் பம்பை ஓட்டி, குழாயில் சொட்டு வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு பேரிங்கின் வெளிவளையம் குழாய்க்குள் விரலால் தள்ளினால் நகர வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் குண்டுகள் வழுக்காமல் உருளும்.

ஓடுகிறது, ஆனால் பின்னால் நெருப்பு வருகிறது. ஒரு பக்கம் மட்டும் சிவக்கிறது.

ஒரு பக்கம் சிவந்தால், எரிபொருளை எரிகூட்டுக்குள் விடும் ஆறு ஊசிக்கும் அது சமமாகப் போகவில்லை. ஊசிகள் உள்ள வளையத்தைக் கழற்றி, ஆறு ஊசியையும் ஆறு சின்னக் குப்பியில் விட்டு ஒரு நிமிடம் பம்பை ஓட்டி அளந்து பாருங்கள். ஒன்று குறைந்தால் அடைப்பு, அல்லது வெள்ளி பற்றவைப்பு உள்ளே வழிந்திருக்கும். ஊசிமுனை, எரிபொருளை ஆவியாக்கும் ஆவிக்குழாய்க்குள் சில மி.மீ. நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே நின்றால் எரிபொருள் ஆவியாகாமல் டர்பைன் வரை போய் அங்கே எரியும்.

நான்கு பக்கமும் நெருப்பு வந்தால் எரிகூட்டின் துளைகளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே வரும் காற்றில் நாலில் ஒரு பங்குதான் எரிய வேண்டியது, மீதி குளிர்விக்க. துளையை இஷ்டத்துக்குப் பெரிதாக்கினால் இந்தப் பங்கீடு கெடும். எரிகூட்டின் விளிம்பு சரியாக உட்காராமல் இடைவெளி விட்டாலும் அதே கதைதான்.

ரேஷன் மண்ணெண்ணெய் போடலாமா? டீசல்? பெட்ரோல்?

ரேஷன் எண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும் தருவது, வேண்டாம். சுத்தமான வெள்ளை மண்ணெண்ணெய் அல்லது ஜெட் ஏ-1 போடுங்கள். டீசலில் ஓடும், புகை அதிகம், பற்றுவது சிரமம். பெட்ரோல் கூடவே கூடாது. 20 லிட்டருக்கு ஒரு லிட்டர் டர்பைன் எண்ணெய், அதாவது 5 சதவீதம். அந்த எண்ணெயில் நச்சுச் சேர்மம் உண்டு, கையுறை போடுங்கள்.

சார், ஸ்டார்ட் செய்யும் வரிசை சொல்லுங்கள்.

என்ஜின் வாயை எதிர்க்காற்றுக்குக் காட்டுங்கள். பற்றவைக்கும் க்ளோ பிளக் சிவக்கட்டும். அதன் கம்பிச் சுருளை ஓரிரு சுற்று வெளியே இழுத்து வைத்தால் நன்றாகப் பற்றும். ஸ்டார்ட்டரால் சில ஆயிரம் ஆர்.பி.எம். சுழற்றி புரொப்பேன் வாயுவைத் திறங்கள். 'பப்' என்று பற்றியதும் வெப்பமானி ஏறும். வாயுவும் ஸ்டார்ட்டரும் சேர்ந்து 20,000 தாண்டியதும் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விடுங்கள். 30,000-க்கு மேல் தானாக ஏறத் தொடங்கினால் வாயுவை மூடுங்கள். 35,000 வாக்கில் ஐடிலில் (குறைந்த நிலை வேகத்தில்) நிற்கட்டும். வேகம் ஏறாமல் வெப்பம் மட்டும் 700 டிகிரி தாண்டினால் எரிபொருளை உடனே நிறுத்துங்கள், ஸ்டார்ட்டரை நிறுத்தாதீர்கள். காற்று போனால்தான் நெருப்பு வெளியேறும். பற்றாமல் போன முயற்சிக்குப் பின் என்ஜினை வாய் மேலாகச் சாய்த்து தேங்கிய எண்ணெயை வடியுங்கள். பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் இருக்கட்டும். பொடி அணைப்பான் என்ஜினையே தீர்த்துவிடும். வீல்கள் சுழலும் தளத்துக்கு நேர்ப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

அணைத்த பிறகு கையால் சுற்றினால் டர்பைன் உரசுகிறது. குளிர்ந்ததும் சரியாகிவிடுகிறது.

சுற்றியுள்ள உறை மெலிது, சீக்கிரம் சுருங்கும். வீல் தடிமன், சூட்டை விடாது. 600 டிகிரி ஏற்றத்தில் வீலின் ஆரம் கால் மி.மீ. வளர்கிறது என்றால் வீலுக்கும் உறைக்கும் நடுவே உள்ள 0.2 மி.மீ. இடைவெளியில் என்ன நடக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்ததும் வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை ஸ்டார்ட்டரால் காற்று விடுங்கள், பேரிங்கும் பிழைக்கும். குளிர்ந்த பின்னும் உரசினால் காரணம் வேறு: வெல்டிங்கில் உறை முட்டை வடிவமாகியிருக்கும். உறையின் உள்விட்டத்தை எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகுதான் கடைய வேண்டும்.

தரையில் அருமையாக ஓடுகிறது. மேலே திரும்பும்போது அணைந்துவிடுகிறது.

குழாயில் காற்றுக் குமிழி. பெரிய டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே பை அல்லது ஃபெல்ட் வைத்த சின்ன டேங்க் ஒன்று போடுங்கள். இணைப்புகளில் பம்பு உறிஞ்சும் பக்கத்தை முதலில் பாருங்கள். அங்கே கசிவு இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். முழு வேகத்தில் நிமிடத்துக்குக் கால் லிட்டர் குடிக்கும், ஆகவே எட்டு நிமிடப் பறப்புக்கு 2 லிட்டர் டேங்க் வையுங்கள். த்ராட்டில் கூட்டினால் முழு உந்துவிசை வர மூன்று நான்கு விநாடி ஆகும். இறங்கும்போது ஐடிலுக்குக் கொண்டுபோகாமல் கொஞ்சம் மேலேயே வைத்திருங்கள்.